அணு உலையை மூடச் சொன்னவளுக்கு

இன்று காலை விலங்கியல் ஆய்வகத்தைத் தாண்டும்போது ஃபார்மலின் வாடை. அங்கே பாடம் நடத்திய உன் புடவையில் எப்போதும் இருந்த வாடை. நீ மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருஷமாகிறது. ஆனாலும் கால் நின்றுவிட்டது.

சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த வருஷம் பாலக்கரையில், உங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். நம் நாட்டு அணு உலைகளை மூட வேண்டுமா, வேண்டாமா? இயற்பியல் நடத்துகிற நான் வேண்டாம் என்ற கட்சி. நீ மூட வேண்டும் என்ற கட்சி.

உன் அண்ணன் ஓர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தார். அவர்தான் உன்னை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தவர். "அண்ணன் சோத்துல மண்ணள்ளிப் போடப் போறியாடி?" என்று கேட்ட உன் அம்மா, மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. பேசாமல் நீ விலகிக்கொள் என்றேன் நான். "நினைக்கிறதைச் சொல்லத்தான் அண்ணன் படிக்க வச்சாரு" என்றாய்.

விவாதத்தன்று சாயங்காலம் அண்ணனே லீவு போட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ பேசி முடித்ததும் எழுந்தார்.

"மூடிட்டா எங்களை மாதிரி ஆளுங்க எங்கம்மா போறது?"

நீ அவரைப் பார்த்தே பதில் சொன்னாய்.

"நாளைக்கே மூடச் சொல்லலண்ணே. புதுசா கட்ட வேணாம். இருக்கறதை ஒண்ணொண்ணா நிறுத்தட்டும். நிறுத்தின பிறகும் பல வருஷம் அதைப் பார்த்துக்கணுமே, அதுக்கு உங்களை மாதிரி வேலை தெரிஞ்சவங்கதான் வேணும்."

"பதில் சொல்லிட்டே. ஆனா நான் ஒத்துக்கல" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார் அண்ணன்.

கடைசியில் கூட்டத்தைக் கை தூக்கச் சொன்னபோது என் கட்சிதான் ஜெயித்தது. அண்ணனும் என் பக்கம்தான் தூக்கினார். பிறகு நம்மைக் காபி சாப்பிட அழைத்துப் போய், கடைக்காரரிடம், "இவ என் தங்கச்சி. இன்னிக்கு என்னையே எதிர்த்துப் பேசினா" என்று பெருமையடித்தார். மறுநாள் காலை அம்மா உன்னிடம், "இட்லி ஆறுது பாரு" என்றாராம். அத்தோடு சண்டை தீர்ந்தது.

ஜெயித்த நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது, நீ அண்ணனுக்குச் சொன்ன பதிலை எப்படி வெட்டிப் பேசியிருக்கலாம் என்று யோசித்தேன். பஸ் காவிரிப் பாலம் தாண்டியும் ஒன்றும் தோன்றவில்லை.

என் கட்சி இன்னும் மாறவில்லை. இந்த நாட்டுக்கு அணுமின்சாரம் வேண்டும் என்றே சொல்கிறேன். ஆனால் வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது முதலில் உன் கட்சியைத்தான் பேசுகிறேன், ஒரு வாதம் விடாமல். போன வாரம் ஒரு மாணவி எழுந்து, "அப்ப நீங்க மூடணுங்கற பக்கமா மிஸ்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, அது என் சிநேகிதி பக்கம். என் பக்கத்தை இனிமேதான் சொல்லப்போறேன்" என்றேன்.