விழுப்புரத்தில் நான் மாற்றிய எண்ணெய்

இன்று காலை திண்டிவனம் ஷெட்டில் ஒரு லாரிக்கு அடியில் படுத்து கியர் பாக்ஸின் அடித்திருகைக் கழற்றினேன். சூடான எண்ணெய் உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்த்தேன், விளக்கெண்ணெய். சண்டை முடிந்து நல்ல கியர் எண்ணெய் மறுபடியும் கிடைக்கிறது. இன்னும் எவனோ நம் வழக்கத்தை விடவில்லை. அந்த வாடை ஏறியதும் திருகை மண்ணில் நழுவவிட்டுவிட்டேன். எண்ணெய் முழுக்க வடிந்த பிறகும் நான் வெளியே வரவில்லை. டிரைவர் குனிந்து, "இன்னாண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று நெஞ்சில் கிடந்து அழுகிக்கொண்டிருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எந்த விலாசத்துக்கு என்று மட்டும் கேட்காதே.

சண்டை வந்து கியர் எண்ணெய் கிடைக்காமல் போனபோது லாரிகள் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். ஒருத்தன் என்ஜின் எண்ணெயை ஊற்றினான். அது தண்ணீராக ஓடியதே தவிர கியர் பல்லில் நிற்கவில்லை. இன்னொருத்தன் சத்தத்தை மறைக்க மரத்தூளைக் கலந்தான். கொஞ்ச நாளில் கியர் பாக்ஸே போயிற்று. நாம் இருவரும்தான் விளக்கெண்ணெய்க்கு வந்து சேர்ந்தோம். அதுவும் செக்கில் ஆட்டியதாக இருக்கவேண்டும். வீட்டில் காய்ச்சி எடுத்ததில் தண்ணீர் தங்கிவிடும். நீ திரியை அதில் நனைத்துக் கொளுத்துவாய். படபடவென்று பொரிந்தால் திரும்பவும் அடுப்பில் ஏற்றுவோம். நான் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பதம் பார்ப்பேன். "கியர் விழறது கைக்குத் தெரியணும், காதுக்குத் தெரியக்கூடாது" என்பாய். வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற அந்த வண்டி மல்லாட்டை மண்டிக்காரருடையது. ஓட்டுவது நீ, பழுது பார்ப்பது நான். ஆனால் அந்த கியர் பாக்ஸ் என்னுடையது என்றே நினைத்திருந்தேன். அந்தத் திமிர்தான் நம்மைக் கெடுத்தது.

பட்டாளத்துக்கு லாரி எடுக்கிறார்கள் என்று உத்தரவு வந்தது. விழுப்புரத்தில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். ஓட்டிப் பார்ப்பார்கள். தேறினால் வண்டியும் அதை ஓட்டுகிறவனும் பர்மா எல்லைக்குப் போகவேண்டும். மண்டிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். உன் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. கிளியனூரில் உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "நான் போனா திரும்பமாட்டேன்டா. எனக்குத் தெரியுது" என்று சொன்னாய். "ஓட்டை வண்டிடா இது, இத்த எவன் எடுப்பான்?" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

சித்திரை மாத வெயிலில் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் கியர் பாக்ஸ் முனக ஆரம்பித்து, பிறகு ஊளையிட்டது. மூன்றாவது கியர் தானாகவே நழுவியது. "இன்னாடா இது?" என்றேன். "வயசாயிடுச்சு வண்டிக்கு. நீ கம்முனு வா" என்றாய். எனக்கோ என் மானமே ஊளையிடுவதுபோல் இருந்தது.

விழுப்புரம் மைதானத்தில் நம் முறை வர நேரம் இருந்தது. நீ காகிதத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கப் போனாய். நான் வண்டிக்கு அடியில் புகுந்து திருகைக் கழற்றினேன். வந்தது மல்லாட்டை எண்ணெய், சமையலுக்கு ஊற்றுகிற, பல்லில் நிற்காத அதே எண்ணெய். சீட்டுக்கு அடியில் தேடினால் ஒரு டின் நிறைய விளக்கெண்ணெய், துணியால் வாய் கட்டி இருந்தது. அதை முழுக்க ஊற்றி மூடினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிகாரி ஏறி இரண்டு சுற்று ஓட்டினார். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. இறங்கிவந்து, "கியர் பாக்ஸ் யார் பார்க்கறது? பிரமாதம்" என்றார். நான் முன்னே போய், பல்லெல்லாம் தெரிய, "நான்தான் சார்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். "எண்ணெய்ய மாத்திட்டியா?"

"ஆமாண்டா. எவனோ மல்லாட்டை எண்ணெய்ய ஊத்தி வெச்சிருந்தான்."

"சரி, விடு" என்றாய். அவ்வளவுதான். அடித்திருக்கலாமே நீ! எல்லார் முன்னாலும் என்னை மிதித்திருக்கலாமே!

எவனோ என்று சொன்னேன் பார், அது பொய். உன்னையும் என்னையும் விட்டால் அந்த கியர் பாக்ஸைத் திறக்க ஆளே கிடையாது. அந்த எண்ணெய் கையில் விழுந்த அந்த நொடியே நீ வேண்டுமென்றே ஊற்றியிருப்பாயோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றியும் மாற்றினேன். நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய பற்கள் ஊரார் முன்னால் ஊளையிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீ சொன்னபடியே ஆயிற்று. பர்மா எல்லையில் மலைக்காய்ச்சலில் போய்விட்டாய் என்று காகிதம் வந்தது. அங்கிருந்து திரும்பிய வளவனூர் டிரைவர் ஒருவர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "அவரு போனதுக்கு அப்புறமும் அந்த வண்டி ஓடிக்கினுதான் இருந்திச்சு. கியர் வெண்ணெய் மாதிரி விழும்." எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார், பாவம். அன்று நான் சோற்றைத் தொடவில்லை.

காகிதம் வந்த பிறகுதான் உன் மனைவி வாயைத் திறந்தாள். "அந்த மல்லாட்டை எண்ணெய்ய நான்தாண்ணே வடிகட்டிக் குடுத்தேன். பல்லு கத்தும், வேணாம்னு தள்ளிடுவானுங்க, வர்றப்ப நல்ல எண்ணெய்ய ஊத்திக்கினு வந்துடறேன்னு டின்னையும் எடுத்துக்கினு போச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்லவேணாம்னு சொல்லிச்சு. நீங்க அந்த கியர் பாக்ஸ் மேல உசுரையே வெச்சிருக்கீங்களாம், மனசு தாங்கமாட்டீங்களாம்."

என் மனசு நோகக்கூடாது என்று பார்த்தாயே, பாவி! சொல்லியிருந்தால் அந்த கியர் பாக்ஸில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருப்பேன். அப்படித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். போட்டிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

நான் மாற்றியது அவளுக்குத் தெரியாது. தான் கொடுத்த எண்ணெய் அன்றைக்குக் கைவிட்டுவிட்டது என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். உன் மகள் பிழைத்துக்கொண்டாள். உன்னைப்போலவே புருவத்தைச் சுருக்கிப் பார்க்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை கிளியனூர் போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். அவள், "வாங்கண்ணே" என்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் அதைக் குடித்துவிட்டு வேறு எதையோ பேசிவிட்டு வருகிறேன். அண்ணன் என்று கூப்பிட அவளுக்கு வேறு யாரும் இல்லை.

நேற்று சாயங்காலமும் போனேன். உன் மகள் தாயின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். உன் மனைவி கேட்டாள்:

"அண்ணே, எண்ணெய்ய நான் ரொம்ப சுத்தமா வடிகட்டிட்டேன் போல. கொஞ்சம் கசடோட குடுத்திருந்தா கத்தியிருக்குமா?"

"கத்தியிருக்கும்மா" என்று சொன்னேன்.

அவள் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு, எனக்குச் சோறு போட உள்ளே போனாள்.