சாயம் விடாத தட்டு

லியோன்
12-11-2006

அடியே ஆதி,

சுகமா? இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது. லாஸ்பேட்டை வெயிலைத் திட்டிய வாய்க்கு இது வேணும்.

எம்.எஸ்ஸி. படித்தபோது அந்தப் புழுக்கமான லேபில், உயிருள்ள செல்களுக்கு இரும்புத் துகளை ஊட்டினோமே, நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. "கொழந்தைக்கு ஊட்டற மாதிரி ஊட்டுடி, துப்பிடப் போவுது" என்பாய். கண்ணுக்கே தெரியாத துகள். அதை விழுங்கியும் செல் பிழைத்திருந்தால், உடம்புக்குள் அது எங்கே போகிறது என்று ஸ்கேனில் பார்க்கலாம். அதைப் பற்றி நாம் வெளியிட்ட பேப்பரை நம்பித்தானே இந்த ஊர்ப் பேராசிரியர் என்னைச் சேர்த்துக்கொண்டார்!

இங்கே பாதி செல் செத்துப்போகிறது. நமக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தது. நீ தனியாக எண்ணிய செல் தட்டுதான் அது. என்ன செய்தாய் என்று ஒன்று விடாமல் எழுது. ஜனவரியில் இந்தச் செல்களை எலிகளுக்கு ஊசி போடுகிறோம்.

உன் ஆஷ்லின்

*

லாஸ்பேட்டை
3-12-2006

அன்புள்ள ஆஷ்லினுக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்துப்போட்டேன். நாம் உட்கார்ந்த பெஞ்சில் இப்போது என் மாணவிகள் உட்காருகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

வில்லியனூர் மாதா கோயில் தேர் அன்று, "சீக்கிரம் முடிச்சிட்டு வந்துடுடி, தேர் கெளம்பிடும்" என்று சொல்லிவிட்டு நீ மத்தியானமே போய்விட்டாய். தட்டின் ஓரத்தில் காந்தத்தை வைத்தேன். செல்லெல்லாம் ஓரமாக வந்து ஒட்டின. நீலச் சாயம் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். செத்த செல் நீலமாகிவிடும், உயிருள்ளது ஆகாது. சாய பாட்டில் காலி, ஸ்டோரும் பூட்டு. காந்தத்துக்கு வந்ததெல்லாம் உயிர் என்று எழுதிவிட்டு ஸ்கூட்டரில் உன்னைத் தேடி வந்துவிட்டேன். இரும்பு உள்ளே இருந்தால் பிணமும் வரும் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "ராசியான கைடி உனக்கு!" என்று கட்டிக்கொண்டாய். அந்த எண்ணே பேப்பரில் ஏறிவிட்டது.

அந்தப் பேப்பரைக் காட்டித்தான் எனக்கும் இந்த வேலை. போனால் போகட்டும். எலிகளுக்கு ஊசி போடாதே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் பதில் எழுது.

ஆதிலட்சுமி

*

லியோன்
20-12-2006

ஆதி,

பேப்பரைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு இன்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கிறது. தவறு யாருடையது என்று பேராசிரியர் கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் அவர் விட்டால்.

மறுநாள் காலையில் சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். அப்புறம் புதுத் தட்டு வைத்து இரண்டு பேருமாக உட்கார்ந்து எண்ணியிருப்போம்.

மூணு நாள் வேலைடி.

ஆஷ்லின்