நல்ல செல்லும் செத்த பக்கம்

அன்புள்ள அப்பாவுக்குக் கலைப்பிரியாவின் வணக்கம். நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

புற்றுநோய் செல்லை வளர்க்கும் கைனேஸ் என்ற புரதத்தை முடக்க, எங்கள் குழு ஒரு மூலக்கூறு செய்தது. அந்தச் செல் செத்ததும் தலைவர் ஜெகதீசன் கேக் வெட்டினார். நம் திண்டிவனத்துக்காரர்தான், ஹைதராபாத் வரும் வழியில் அறிவை இறக்கிவிட்டார் போலும். நல்ல செல்லிலும் சோதித்து அறிக்கையில் எழுதினேன். அதுவும் செத்திருந்தது.

"அந்தப் பக்கத்த எடுத்துடும்மா. ஏன் பேஜாரு பண்ணிக்கினு இருக்கே?" என்றார்.

களைக்கொல்லி அடித்து மல்லாட்டைக் கடலைப் பயிரும் கருகினால் நீங்கள் விருந்தா வைப்பீர்கள்? இவர் வைப்பார், போட்டோவும் எடுப்பார்.

நான் பக்கத்தை எடுக்காமலே அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். வேலை போகாது என்றுதான் நினைக்கிறேன், கவலை வேண்டாம்.

அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். சின்ன பாட்டில் போதும். இப்போது என்னோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை.

பஸ் வந்துவிட்டது.
கலை