பிலோமியோடு துரை பங்களாவில்

1934 மே 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் தங்கை பிலோமியும் நானும் நாவலப்பிட்டியில் ரயிலேறி, கெலிஓயாவில் இறங்கி, பழைய துரை பங்களாவுக்குப் போனோம். அடுத்த வாரம் அவள் கன்னியர் மடத்தில் சேருகிறாள். "போக வேணாம்னு நீ சொன்னா கேப்பா, பேசிப் பாரும்மா" என்று அப்பா நேற்றுக் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்.

தேயிலை வருமுன், காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில் கட்டிய பங்களா அது. துரைமார் போய்விட்டார்கள், புல்வெளியும் ஆற்றோரத்து மூங்கில்களும் அப்படியே இருக்கின்றன. சின்ன வயதில் அம்மா எங்களை அந்த மூங்கில் நிழலுக்குக் கூட்டி வந்து கட்டுச்சோறு பிரிப்பார். துரைசானிகள் ஆடுவதை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து திட்டு வாங்கியிருக்கிறோம். இன்று காவல்காரர் கதவையே திறந்துவிட்டார்.

உள்ளே பலகைத் தரை பளபளத்தது. பிலோமி செருப்பைக் கழற்றிவிட்டு, "கையக் குடுங்கக்கா!" என்றாள். தெரிந்த மாதிரி சுற்றிச் சுற்றி ஆடினோம். சேலை தடுக்கி இருவரும் விழுந்தோம். அம்மா போன பிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "இதையெல்லாம் விட்டுட்டுப் போகணுமா பிலோமி?"

"ஆசையில்லாமலா ஆடுனேன்? ஆசை இருந்தும்தான் போறேன்க்கா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

வீடு திரும்பியபோது அப்பா வாசலிலேயே நின்றார். பிலோமி உள்ளே போனதும், "என்ன சொன்னா?" என்றார்.

"சந்தோஷமா இருக்காப்பா."

அவர் உள்ளே வந்து பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் துடைத்தார்.

"பூட்டு துருப்பிடிச்சிருக்கு. நாளைக்குப் புதுசு வாங்கிட்டு வர்றேன்" என்றார்.