வேகம் மாறாத வெளிச்சம்

இன்று காலை, பேக்கரிச் சாமான் விற்கும் பாண்கார ஓட்டோ எங்கள் வாசற் படலையைக் கடந்து போயிற்று. கிட்ட வரும்போது உயர்ந்து கேட்ட அதன் பாட்டு, தாண்டிய கையோடு சுருதி இறங்கித் தேய்ந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். இதையெல்லாம் கவனிக்க என்னைப் பழக்கியவர் நீர்தான்.

பல்கலைக்கழகத்தில் நீர் பௌதிகம், நான் வணிகம். உம்முடைய இறுதியாண்டு ஆய்வுக்காக, நீர்வேலிக் கிராமத்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஹோர்னை அமத்திப் பிடித்தபடி மோட்டார் சைக்கிள் ஓடினேன். நீர் ஓரமாக நின்று போனில் ஒலியைப் பதிந்தீர். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல், "தம்பி, உந்த வாழையளுக்கே ஹோர்ன் அடிக்கிறாய்?" என்று கத்தினார்.

பின்னேரம், சுருதி மாறிய அளவை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னீர்: "சொன்ன வேகத்திலை நீர் ஓடேல்லை. பயந்து மெதுவாத்தான் ஓடியிருக்கிறீர்."

உண்மைதான். வெட்கத்தை மறைக்க ஏதோ கேட்டேன். "நான் லைற்றைப் போட்டுக்கொண்டு வேகமா வந்தா, அந்த வெளிச்சம் கெதியா வந்து சேருமோ?"

"இல்லை. நிறம் ஒரு துளி மாறும், வேகம் மாறாது. நீர் பறந்து வந்தாலும் ஊர்ந்து வந்தாலும் அது ஒரே வேகத்திலைதான் என்னட்டை வரும்."

கலியாணம் கேட்கும் துணிவு எனக்கு அன்றுதான் வந்தது.

சில வருடங்களில் உமக்குப் புற்றுநோய். ஒரு காலை, ஓட்டோ வீட்டைத் தாண்டிப் போன பிறகு, "பாண்காரன் இண்டைக்கு வரேல்லையோ?" என்று கேட்டீர். நான் திரும்பி உம்மைப் பார்த்தேன். உமக்கு உடனே விளங்கிவிட்டது. மருந்து காதைத் தொடக்கூடும், உயர்ந்த சுருதிகள்தான் முதலில் போகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மெல்ல மெல்ல என் குரலும் உமக்குக் கேளாமற் போயிற்று.

அதன் பிறகு, வேலையால் வந்ததும் படலையில் நின்று ஹெட்லைற்றை மினுக்குவேன். அறைச் சுவரில் அது விழுந்ததும் நீர் விறாந்தை லைற்றைப் போடுவீர். எழும்ப முடியாமற் போனபோது, அந்தச் சுவிச்சைக் கட்டிலடிக்கு மாற்றித் தரச் சொன்னீர். "நீர் வாறது எனக்குத் தெரியவேணும்" என்றீர்.

போன கிழமை மழை இருட்டில் வீடு திரும்பியபோது, கை தன்பாட்டில் லைற்றை மினுக்கியது. விறாந்தை இருண்டே கிடந்தது. கொஞ்ச நேரம் நனைந்தபடி நின்றேன். பிறகு உள்ளே போய், உம் கட்டிலில் இருந்து, நானே அந்தச் சுவிச்சைப் போட்டேன். விறாந்தையில் வெளிச்சம் வந்தது. படலையில் ஒருவரும் நிற்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.