கடல் இல்லாத மோட்சம்

இஞ்சாருங்கோ, என் ராசா,

முதலில் பிள்ளைகளின் புதினம். மகளின் மூத்தவள் டொக்டர் படிப்புக்கு எடுபட்டுவிட்டாள். இளையவள் பாட்டுப் போட்டியில் முதலாவது. கனடாவில் எங்கள் மகனின் பொடியன் நீச்சலில் கிண்ணம் வென்றிருக்கிறான். கூரை போட்ட தொட்டிக்குள்ளேதான். ஆனாலும் கைவீச்சு உங்களுடையது. கிண்ணத்தோடு புதுப்படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். சேமக்காலையில் உங்கள் குழிக்குக் கல் வைக்கப் போகிறோம். அதில் வெட்ட மகள் ஒரு வேதவசனம் எடுத்திருந்தாள்: புது வானமும் புதுப் பூமியும் வரும், கடல் இனி இராது என்கிற இடம்.

“அம்மா, அப்பாவை விழுங்கின கடல் அது. கடல் இல்லாத இடத்திலை அவர் ஆறுதலா இருக்கட்டும்” என்று அழுதாள்.

ஆறுதலா? காய்ச்சலோடும் எழும்பிப்போய்க் காற்றுப் பார்த்துவிட்டு வந்த மனிதர் நீங்கள். கடல் இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள்?

சுவாமியின் அறைவீட்டுக்கே போய்க் கேட்டேன். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்தவர், இளம்பிள்ளை.

“அது அடையாளம் அம்மா. அந்தக் காலத்து ஆக்களுக்குக் கடல் எண்டால் பயம், பிரிவு. அதுகள் இல்லாமல் போகும் எண்டதுதான் கருத்து.”

“அப்ப பயம் இல்லையெண்டு வெட்டுவம். கடலிலை ஏன் கை வைப்பான்? சுவாமிக்கு எந்த ஊர்?”

“உடுவில். தோட்டக்காரர் நாங்கள்.”

“தோட்டம் இல்லாத மோட்சம் எண்டு எழுதியிருந்தால் உங்கடை ஐயா சும்மா விடுவாரோ?”

சுவாமி சிரித்துவிட்டார். “விடமாட்டார்தான். வேதத்திலை நீங்களே வேறை ஒரு இடம் சொல்லுங்கோ.”

ஐந்தாம் வகுப்புப் படிப்போடு நான் சொன்னேன். உயிர்த்த ஆண்டவர் கோயிலுக்குப் போகவில்லை. விடியற்காலையில் கரைக்கு வந்து, கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு, களைத்து வந்த கடற்றொழிலாளரைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

“கல்லறையிலை ஆராவது மீன் சுட்ட கதை எழுதுவினமோ? சனம் சிரிக்கும்” என்றாள் மகள்.

“சிரிக்கட்டும்.”

கடலோடு எனக்கும் கோபம்தான். ஒரு வருடம் அந்தப் பக்கம் முகம் திருப்பவில்லை. ஆனால் உங்களைக் கொண்டுபோன அதே கடல்தான் மூன்றாம் நாள் கரையில் கொண்டுவந்தும் விட்டது. என் கோபத்தை நான் வைத்திருக்கிறேன். அதைக் கல்லில் வெட்ட விடமாட்டேன்.

மீன் சுட்ட அந்த வசனத்தை என் கையாலே எழுதிக் கல்வெட்டுகிறவரிடம் இன்று கொடுத்துவிட்டேன். மகள் இன்னும் கதைக்கவில்லை. கதைப்பாள்.

ஒன்று மட்டும் சத்தியம். அங்கே வந்தால் உங்களைத் தேடி நேரே கரைக்குத்தான் வருவேன். கரை இல்லையென்றால், ஆண்டவரிடம் கேட்டு ஒன்று வைப்பிக்காமல் உள்ளே போகமாட்டேன்.

உங்கள் வாயாடி மனிசி,
திரேசம்மா