ஒன்றுமில்லாத இடத்தில் அலைகள்

அத்தாவுக்கு ஷாஹினாவின் ஸலாம். உங்கள் இருமல் தேவலையா? ஜெர்மனியில் நான் சுகமே.

நேற்று ஆய்வகத்தில் தனியாக டோபாலஜிகல் அரை உலோகம் என்கிற, நாங்கள் ஆராயும் புதுவகைப் பொருளின் படிகம் ஒன்றை, அணுக்களையே காட்டும் நுண்ணோக்கியில் பார்த்தேன். அணுக்கள் ஒன்றுகூடக் குறையாமல் வரிசையாக இருந்தன. ஆனால் ஓரிடத்தில் மட்டும் எலக்ட்ரான்கள் எதிலோ மோதிச் சிதறி, வளையம் வளையமாக அலையடித்தன. நடுவில் மோதுவதற்கு எதுவுமே இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது.

கூட வேலை செய்யும் கீரனூர் ஈஸ்வரனைக் கூப்பிட்டேன்.

“பயப்படாதீங்க. அடியில ஒரு அணு இல்லீங்க. மேல இருந்து பாத்தா தெரியாதுங்க,” என்றார்.

சிரித்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வளையங்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ரம்ஜானிலிருந்து அம்மா போனுக்கே வரவில்லை. கேட்டால், “செத்த அசந்திருக்காம்மா” என்கிறீர்கள். பின்னால் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்கிறது. போனில் கேட்கத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை அம்மாவின் முகத்தைக் காட்டுங்கள், அத்தா.

அவசரமாக,
மகள் ஷாஹினா